ஈரத்துணி

கூடத்தில் நாலைந்து பேர் இளவரசியின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, அவள் புருஷன் அப்பாவு குளியலறையில் வாளிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாளியைத் தூக்கிக்கிட்டு எங்கடா போற?" என்றாள் அக்கா ஆராயி. ஜனக்புரியிலிருந்து அப்போதுதான் வந்து, ஒரு பாட்டம் அழுது ஓய்ந்து, முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி ரூமுக்குக்கா."

"குளிப்பாட்ட இன்னும் நேரமிருக்குடா."

"அதுக்கில்லக்கா" என்று முனகிவிட்டு, அப்பாவு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அறை நடுவில் மரப்பலகைமேல், தலையோடு கால் ஈரத்துணி சுற்றிய உருவம் ஒன்று உட்கார்ந்திருந்தது. துணி என்றால் அப்பாவுவின் பழைய வேட்டிகள்தான். நேற்று ராத்திரி இளவரசி கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ஒருவழியா முடிஞ்சுதுங்க. நாளன்னிக்குக் காலையில அச்சு எடுக்க ஆளுங்க வர்றாங்க. அதுவரைக்கும் மண்ணு காயாம இருந்தாப் போதும்" என்றாள். விடிகாலையில் நெஞ்சைப் பிசைகிறது என்றாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டாள்.

அச்சு எடுக்கிறவர்களை அப்பாவு ஃபோனில் கெஞ்சிப் பார்த்தார். நாளைக்கு முன்னால் முடியவே முடியாது என்றுவிட்டார்கள். களிமண்ணுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. காய்ந்தால் மண் சுருங்கும், கம்பி சுருங்காது. அப்புறம் பாளம் பாளமாய் வெடித்து விழ வேண்டியதுதான். வெளியே மே மாதத்து லூ காற்று அனலை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தது.

அப்பாவுவுக்குச் சிற்பம் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. மத்திய அரசில் ஃபைல் தள்ளியே ரிட்டயர் ஆனவர். தருமபுரியிலிருந்து கல்யாணமாகி இந்த வடக்கத்தி ஊருக்கு வந்த புதிதில், கலைக் கல்லூரியில் சேர வேண்டும் என்று இளவரசி கேட்டபோது, வேறென்ன சொல்வதென்று புரியாமல் ஆபீஸ் ஹிந்தியில் "அச்சா" என்றார். அந்த ஒரு அச்சாவுக்கு வாழ்நாள் முழுக்க வீட்டில் மண் மிதிபட்டது. முதலில் ஆபீஸ்களுக்குத் தலைவர்களின் மார்பளவுச் சிலைகள் செய்தாள். மீசை, மூக்குக்கண்ணாடி, மாலை விழ வாகான தோள். ஒரு குளிர்காலத்தில் பஸ் ஸ்டாப்பில் நெடுநேரம் காத்துக் கிடந்துவிட்டு வந்தவள், "இனிமே தலைவருங்க போதுங்க" என்றாள். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள்தான். மடியில் பை, கண் பஸ் வரும் திக்கில்.

முதல் கண்காட்சியைப் பார்த்துவிட்டு ஒரு பத்திரிகை 'இல்லத்தரசியின் பொழுதுபோக்கு' என்று எழுதியது. இளவரசி அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்துச் சிரித்தாள். அந்தப் பெண்கள் பின்னால் பெர்லின் போனார்கள், சியோல் போனார்கள். ஒருத்தி இங்கேயே ஒரு மெட்ரோ ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறாள். ஜனங்கள் அவள் மடியில் பையை வைத்துவிட்டுத்தான் கார்டைத் தேடுவார்கள். அதைவிடப் பெரிய அவார்டு கிடையாது என்பாள் இளவரசி.

எந்த ஊருக்கும் அப்பாவு கூடப் போனதில்லை. எப்போதும் வீட்டில் ஏதாவது ஒரு மண் உருவம் பாதியில் நிற்கும். அதை யாராவது நனைக்க வேண்டுமே! போய் இறங்கியதும் ஃபோன் வரும். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்ற பேச்செல்லாம் கிடையாது. "துணி நனைச்சீங்களா?" அவ்வளவுதான்.

"நான் எப்படி இருக்கேன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?" என்று ஒரு தடவை அப்பாவு எரிந்து விழுந்தார்.

"துணி ஈரமா இருந்தா நீங்க நல்லா இருக்கீங்கன்னுதானே அர்த்தம்?" என்றாள் அவள்.

அச்சு எடுக்கும்வரை துணியை யாரும் விலக்கிப் பார்க்கக் கூடாது என்பது அவள் சட்டம். புருஷனும் அதற்கு விதிவிலக்கில்லை. ஆனால் நனைத்து நனைத்து அவர் கைக்கு எல்லாம் தெரியும். இது தோள், இது முழங்கை, இது மடியிலிருக்கும் பை. முகத்தை மட்டும் ஊரோடு சேர்ந்து கண்காட்சியில்தான் பார்ப்பார்.

மத்தியானம் குளிப்பாட்டி, பச்சைப் பட்டு கட்டி, இளவரசியைக் கீழே இறக்கினார்கள். அதற்கு முன் அப்பாவு அக்காவிடம் போய், "அந்த ரூமைத் தெறக்காதக்கா. ஃபேன் போடாத. ஜன்னல் சாத்தியே இருக்கட்டும்" என்றார்.

"கட்டினவ போறா, இவனுக்கு ஜன்னல் கவலை!" என்று ஆராயி தலையில் அடித்துக்கொண்டாள்.

வேன் உடனே கிளம்பவில்லை. வழியை அடைத்துக்கொண்டு யாருடைய காரோ நின்றது. குடியிருப்பு சொசைட்டி செக்ரட்டரி சுந்தரேஷ் கைதட்டி, வாட்ச்மேனை விரட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இளவரசியின் தலைமாட்டில் மகன் கார்த்தி. எதிரே அப்பாவு. அவர் சும்மா நிமிர்ந்து மேலே பார்த்தார். இரண்டாவது மாடியில் பின்னறை ஜன்னல் விரியத் திறந்திருந்தது. திரைச்சீலை வெளியே பறந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அப்பாவு எழுந்தார்.

"அப்பா, பைட்டியே, உக்காருங்க. கார் எடுத்துட்டாங்க, சலோ."

"நீ கூட்டிக்கிட்டுப் போ கார்த்தி. நான் வரல."

"வாட்? அப்பா, ப்ளீஸ்... அம்மாப்பா!"

"தெரியுதுப்பா."

வெள்ளைத் துணிக்கு மேலாகவே இளவரசியின் தோளில் ஒருதரம் கை வைத்தார். பிறகு இறங்கினார். சுந்தரேஷ் ஓடி வந்து, "சார், நீங்க போகாம எப்படி? நாலு பேர் என்ன சொல்லுவா?" என்று கையைப் பிடித்தார். கார்த்தி அப்பாவைப் பார்த்தான், மாடி ஜன்னலைப் பார்த்தான். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை. உதட்டைக் கடித்துக்கொண்டு டிரைவரிடம், "சலோ பையா" என்றான்.

மாடிப்படியில் அப்பாவுவுக்கு மூச்சு வாங்கியது. அழுகை வந்தது, நின்று அழ நேரமில்லை. வீடு முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னறையில் ஃபேன் பேயாய்ச் சுழல, ஆராயி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விளக்குமாற்றால் தரையைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா திரும்பி வந்த?"

அவர் ஃபேனை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். துணி முழங்கால் பக்கம் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. மக்கில் மொண்டு மெள்ள மெள்ள ஊற்றினார். தோள், முழங்கை, கழுத்து என்று விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். நல்லவேளை, எங்கும் விரிசல் விடவில்லை.

"பொணம் போன வீட்டுல ஒரு ரூமை மட்டும் கழுவாம விடச் சொல்றியா? அதுக்காகவா வண்டியில இருந்து எறங்கி வந்த? சனம் காறித் துப்பும்டா! உன்கூட அத்தனை வருசம் குடும்பம் பண்ணவ. சுடுகாடு வரைக்கும் கூடப் போக மனசு வரலியா உனக்கு?"

"அவ எங்க போனப்பவும் நான் கூடப் போனதில்லக்கா" என்றார் அப்பாவு. "இருந்து இதைத்தான் பாத்துக்கிட்டேன். இன்னைக்கு மட்டும் விட்டுட்டுப் போனா அவ மனசு கேக்காது."

ஆராயி விளக்குமாற்றைச் சுவரோரம் சாத்திவிட்டு, ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். அவர் ஒவ்வொரு துணியாக நீவி நனைத்துக்கொண்டிருந்தார். வெளியே காற்று ஜன்னலைப் போட்டு உலுக்கியது.

ரொம்ப நேரம் கழித்துச் சட்டைப் பையில் கைபேசி அடித்தது. ஈரக் கையோடு எடுத்தார். யாரென்று பார்க்கவில்லை. காதில் வைத்ததும், "நனைச்சிட்டேன்" என்றார்.

அந்தப் பக்கம் யாரோ ஹிந்தியில் விறகு கேட்டுச் சத்தம் போடுவது மட்டும் கேட்டது.

"சரிப்பா" என்றான் கார்த்தி. "நாங்க வந்து சேந்துட்டோம்."

அப்பாவு கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். ஆராயி வாளியைத் தன் பக்கம் இழுத்து, ஒரு மக் தண்ணீர் மொண்டு அவரிடம் நீட்டினாள்.