மெத்தோடிக்கு ஆறாம் மாதம்

ராட்கா இறந்துபோன தன் கணவன் மெத்தோடியின் ஆறாம் மாத அஞ்சலித் தாளைக் கட்டடத்தின் புதுக் கண்ணாடிக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் பசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் வக்கீல் நாயோடு இறங்கி வந்தான்.

"ஆன்ட்டி, வீடு பார்க்க ஆளுங்க வர்றாங்க. கொஞ்சம் உள்பக்கமா ஒட்டக் கூடாதா?"

"உள்ள இருக்கிறவங்க யாருக்கும் அவரைத் தெரியாதேப்பா" என்றாள் ராட்கா.

அது உண்மை. லோசெனெட்ஸ் பகுதியில் எங்கள் கட்டடத்துப் பழைய ஆட்களில் மிஞ்சியது நாங்கள் இரண்டு கிழவிகள்தான். மற்றவர்கள் விற்றுவிட்டுப் பிள்ளைகளிடம் போனார்கள், அல்லது அவர்கள் செத்ததும் பிள்ளைகள் விற்றார்கள். சோபியா நகரத்திலேயே எங்கள் தெருவில்தான் விலை எகிறுகிறதாம். வந்தவர்கள் நல்லவர்கள்தான், பார்த்தால் வணக்கம் சொல்வார்கள். பெயர் மட்டும் கேட்க மாட்டார்கள்.

கல்லறைவரை நடக்க ராட்காவின் முழங்கால் ஒத்துழைக்காது. அதனால் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வீட்டிலேயே நினைவுச் சடங்கு என்று, முகவரியோடு தாளில் போட்டிருந்தாள். குண்டான் நிறையக் கோதுமை அவித்து, அக்ரூட் தூவி, சர்க்கரையால் மூடி வைத்தாள். வருகிறவர் ஒரு கரண்டி வாங்கி, 'கடவுள் அவரை மன்னிக்கட்டும்' என்று சொல்லிச் சாப்பிட வேண்டும். சொல்ல ஆள் இல்லாவிட்டால் அந்தக் கோதுமையை என்ன செய்வது?

"யாருக்குடி இவ்வளவு?" என்றேன்.

"முப்பது வருஷம் பாடம் எடுத்த மனுஷன், வான்யா. வராமலா போவாங்க?"

அந்த மாணவர்களில் பாதிப் பேரை நாம் புதைத்தாயிற்று என்று நாக்கு நுனிவரை வந்தது. சனிக்கிழமை மணி பதினொன்று ஆனது, பன்னிரண்டும் ஆனது. ராட்கா கறுப்பு உடையில், மெத்தோடியின் படத்துக்குப் பக்கத்தில், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழைப்பு மணி அடித்தது. நாற்காலி கவிழும்படி அவள் எழுந்தாள்.

ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும். கையில் கார்னேஷன் பூக்கள். செத்தவருக்குக் கொடுப்பதுபோல் இரட்டைப்படையில், முறைப்படி. என் மனம் குளிர்ந்தது. பிறகுதான் அவன் முகம் பிடிபட்டது. போன வருஷம் கீழ்வீட்டை விற்றுக்கொடுத்த வீட்டுத் தரகன். ஊர்க் கதவுகளில் ஒட்டியிருக்கும் அஞ்சலித் தாள்களைப் படித்துப் படித்தே தொழில் செய்கிறவன்.

ராட்காவைச் சமையலறைக்கு இழுத்தேன். "ஏய், அவன் தரகன்டி. நீ எப்போ காலி பண்ணுவேன்னு மோப்பம் பிடிக்க வந்திருக்கான்!"

"எனக்கும் கண்ணு இருக்கு. நுழைஞ்சதும் படத்தைப் பார்க்கலை, ஜன்னலைத்தான் பார்த்தான்."

"அப்புறம் என்ன? கழுத்தைப் பிடிச்சுத் தள்ளு!"

"வந்திருக்காங்கல்ல" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் கூடத்துக்குப் போய் அவன் கையில் தட்டைக் கொடுத்தாள். அவன் ஜன்னலுக்கு அப்பால் தெரிந்த விதோஷா மலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்றான். அந்தப் பெண் தலைகுனிந்து, தயங்கி அதையே சொன்னாள்.

அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை ராட்கா காத்திருந்தாள். பிறகு குண்டானை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து, அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுப்பா."