மாஹேயில் இறங்கிக்கறேன்

கொச்சியில் பாய் விரித்துப் பதினாறு நாள் ஆயிற்று. சுற்றிலும் தண்ணீரைத் தவிர வேறு சரக்கில்லை. துவாக்குடிப் பட்டறையை விற்றுப் படகு வாங்கி, வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கிற கொள்ளிடத்தின் பெயரை அதற்கு வைத்த ரெங்கராஜ், சுக்கானை முழங்காலால் அணைத்தபடி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பது கடல் தண்ணீரில். கடைசி அலசலுக்கு மட்டும் அரை டம்ளர் நல்ல தண்ணீர்.

எதிரே அவர் மனைவி அமிர்தம் வெங்காயம் பொறுக்கினாள். காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் வளர்ந்தவள். அங்கே அவள் படித்த ஒரே வேதம்: சரக்குப் பிடித்திருந்தால் முகத்தில் காட்டாதே.

காட்டவில்லை. மூன்றாம் நாளே வாந்தி நின்றுபோயிற்று. ஏழாம் நாள் பறக்கும் மீன் ஒன்று தானாக வந்து மேல்தளத்தில் விழுந்தது. விலை பேசாமல் மீன் கிடைத்தது அவள் வம்சத்திலேயே முதல் தடவை. அன்றே கடல் பிடித்துப்போயிற்று. வாய் மட்டும், "செஷல்ஸ் தீவு வரட்டும், மாஹேயில இறங்கி ப்ளைட் புடிச்சு ஊருக்குப் போறேன்" என்று வேளாவேளைக்குச் சொன்னது.

சொல்லச் சொல்லச் சலுகை ஏறிற்று. முதலில் பாத்திரம் அவர் தலையில் விழுந்தது. பிறகு விடிகாலைச் சுக்கான் முறை. பிறகு அதிகம் ஆடாத நடுப்படுக்கை அவளுக்கு வந்தது. ரெங்கராஜ் ஸ்ரீரங்கத்துக்காரர், கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லி வருகிற மனிதர். இன்னும் இரண்டு நாள் இழுத்தால் சமையலையும் தள்ளிவிடலாம்.

"உப்புத் தண்ணிக் குளியல்ல தோலெல்லாம் கருவாடாப் போச்சுங்க. நான் மாஹேயில..."

"இறங்கிக்கம்மா. உன்னை இழுத்துட்டு வந்ததே பாவம். பாலக்கரை நசுருதீனுக்கு சேட்டிலைட் போன்ல சொல்லிட்டேன். மாஹேயில வந்து ஏறிக்கறான். மடகாஸ்கர் வரைக்கும் அவன் வருவான்."

அமிர்தம் நல்ல வெங்காயத்தைக் கடலில் எறிந்தாள். அழுகினது கூடைக்குள் போயிற்று.

இது பேரமா? முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். ம்ஹூம், பேரம் தெரிந்த மூஞ்சியே இல்லை. மண்டியில் விலை கேட்க வந்தவன் நிஜமாகவே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்ட மாதிரி இருந்தது.

"நசுருதீன் அண்ணனுக்கு சர்க்கரை இருக்கே?"

"கப்பல்ல முப்பது வருஷம் இஞ்சின் பாத்தவன். சர்க்கரையோடதான் பாத்தான்."

"பயங்கரமா குறட்டை விடுவாராம். ஷரபுன்னிசா அக்காவே சொன்னாங்க."

"சம்சாரம் அப்படித்தான் சொல்லும். இந்தக் காத்துல எங்க கேக்கப்போகுது?"

திடீரென்று காற்று எகிறிப் படகு ஒருக்களித்தது. அமிர்தம் யாரும் சொல்லாமலே எழுந்து, கயிற்றைத் தளர்த்தி, பெரிய பாயைப் பாதியாகச் சுருக்கிக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மூச்சுக்கூட வாங்கவில்லை.

"பாத்தியா," என்றார் ரெங்கராஜ் கலங்கிப்போய். "எவ்வளவு கஷ்டம் உனக்கு."

இனி இழுத்தால் சரக்கு கை நழுவிவிடும்.

"நான் இறங்கலைங்க. மடகாஸ்கருக்கு வரேன்."

"அவன் டிக்கெட் போட்டுட்டானேம்மா! நல்ல படுக்கை ஒண்ணுதானே இருக்கு?"

"அதை அவருக்குக் குடுங்க. நான் முன்னாடி பாய் மூட்டை மேல படுத்துக்கறேன்."

"பதிலுக்கு நான் என்ன செய்யணும்?"

'சமையல்' என்று வாய்வரை வந்தது. விழுங்கினாள்.

"ஒண்ணும் வேணாம்."

ரெங்கராஜ் சுக்கானை விட்டுவிட்டார். படகு தன்பாட்டுக்குத் திரும்பிற்று. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. சோப்பு நுரைக் கையை அவள் நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"காய்ச்சல் அடிக்குதா?"