லைட் பிடிக்க ஓர் ஆள்

கூரியர்க்காரர் கொண்டுவந்த பெட்டியை என் வீட்டுக்காரர் பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார். பிரித்தால் உள்ளே ஒற்றைக் கண் பைனாகுலர். இருட்டில் பார்க்கிற கருவியாம். விலையைக் கேட்டேன், சொன்னார். நான் திருப்பிச் சொல்ல மாட்டேன், வயிறு எரியும்.

"எதுக்குங்க இது?"

"முசல் பாக்க."

அவ்வளவுதான் பேச்சு. தை மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு இந்த அளவில்தான் நடக்கிறது. மகன் இனியன் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். சுரங்கத்துக் குவார்ட்டர்ஸில் கடைசி பிளாக்கின் கடைசி வீட்டில் நானும் என் வீட்டுக்காரர் இந்தக் கண்ணையனும், நடுவில் ஒரு டிவியும்.

முயல் பிடிப்பது அவருக்குப் புதிது இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் காம்பவுண்ட் சுவர். அதற்கு அப்பால், சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டான மேடு. மரம் நட்டு இப்போது அது காடாகிவிட்டது. பி ஷிப்ட் முடிந்த இரவுகளில் இவரும் ஆனந்த்ராஜும் அங்கே போவார்கள். ஒரே மெஷினில் இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். முயலுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெரிய லைட்டை அதன் கண்ணுக்கு நேராக அடிப்பார். கண் கூசி அது அப்படியே நின்றுவிடும். இன்னொருவர் பின்பக்கமாகப் போய் வலையைப் போடுவார். லைட் ஆனந்த்ராஜ், வலை இவர். "ஆட்டாம புடிடா!" என்று இவர் அதட்டுவது எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு எந்த முயல் நிற்கும்? மாதத்துக்கு ஒன்று கிடைத்தால் பெரிது.

அந்த ஆனந்த்ராஜைக் கரித்துக் கொட்டியவள் நான்தான். ராத்திரியானால் என் புருஷனைக் கூட்டிக்கொண்டு போகிறாரே, வீடு வாசல் இல்லாத ஆளா என்று. தை மாதம் ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதே நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி நான்சி பிறந்த ஊருக்குக் கிளம்பும் முன், அந்த லைட்டை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இவர் அதைத் தொடவே இல்லை. ஆணியில் மாட்டியதும் நான், அவ்வப்போது சார்ஜ் போடுவதும் நான்.

இப்போது லைட் பிடிக்க ஆளே தேவைப்படாத கருவியை வாங்கியிருக்கிறார்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். இந்த மனுஷன் ராத்திரி வீட்டில் இருக்க வேண்டும், என்னோடு நாலு வார்த்தை பேச வேண்டும். சட்டத்தைக் காட்டியாவது நிறுத்திவிடலாம் என்று, வடலூர் காய்கறிக் கடையில் வனக்காப்பாளர் சிங்காரவேலுவைப் பிடித்தேன். என் பிறந்த ஊரான குள்ளஞ்சாவடிக்காரர்.

"அண்ணே, தெரிஞ்சவங்க ஒருத்தர் இருட்டுல பாக்குற மிஷினு வாங்கிகினு முசலுக்குப் போறாரு. அது சட்டப்படி சரிங்களா?"

"மிஷின வுடும்மா. முசலப் புடிக்கறதே குத்தம். லைட்டு அடிச்சிப் புடிச்சாலும் குத்தம், வெறுங்கையால புடிச்சாலும் குத்தம். கேசு ஆனா வேலைக்கே ஆபத்து." கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சவரு எந்த பிளாக்கு?"

"வெளியூருங்க," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அன்றைக்குச் சோறு போடும்போதே சொன்னேன். "குத்தமாம். வேலைக்கே ஆபத்தாம்."

"தெரியும். ஆனந்து இருந்தப்பவும் குத்தந்தான்," என்றார். கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பத்து நாள் போனார். பத்து நாளும் வெறுங்கை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

"அவ்ளோ குடுத்து வாங்கனீங்களே, மிஷினு எப்டி?"

"நல்லாத் தெரியுது. மீசைகூடத் தெரியுது." கொஞ்சம் யோசித்தார். "ஆனா நிக்க மாட்டேங்குது. வெளிச்சம் இல்லல்ல? நாம இருக்கறதே அதுக்குத் தெரியல. அது பாட்டுக்குத் தின்னுது, காதச் சொறியுது, போயிகினே இருக்குது. கிட்டப் போனா ஓடிப்பூடுது."

இத்தனை மாதத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். அதுவும் முயலைப் பற்றி.

மறுநாள் ராத்திரி கருவி ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. வலை கதவுக்குப் பின்னால் இருந்தது. ஆளை மட்டும் காணவில்லை. கருவியும் இல்லாமல், வலையும் இல்லாமல் இந்த மனுஷன் அங்கே போய் என்னத்தைப் பிடிக்கிறார்? மொட்டை மாடிக்கு ஏறிக் கருவியைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன்.

எல்லாமே பச்சையாகத் தெரிந்தது. சுவர், முள், மேட்டின் அடிவாரம். அங்கே கிழிந்த கன்வேயர் பெல்ட் துண்டின்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு, ஓரமாக உட்கார்ந்திருந்தார். கை ஏறியது, இறங்கியது. தலை பக்கவாட்டில் திரும்பியது. பேசிக்கொண்டிருந்தார். கையை ஆட்டி ஆட்டி, அவசரமே இல்லாமல், அந்தக் காலி இடத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.

முதலில் கோபம்தான் வந்தது. செத்தவரிடம் இவ்வளவு பேச்சு, உயிரோடு இருப்பவளிடம் 'முசல் பாக்க'. பிறகு கருவியின் கண்ணாடி ஈரமாகிவிட்டது. புடவையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். எனக்கு அவர் நன்றாகத் தெரிந்தார். நான் இருப்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

கீழே இறங்கினேன். ஆணியிலிருந்து ஆனந்த்ராஜின் லைட்டை எடுத்துக்கொண்டு, அவர்கள் வழக்கமாக நுழைகிற சுவர் உடைசலில் நானும் நுழைந்தேன். முள் காலைக் கிழித்தது. இருபதடி தூரம் வந்ததும் லைட்டை நேராக அவர் முகத்தில் அடித்தேன்.

எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணை மறைக்கக்கூட கை வரவில்லை.

"ஆனந்து?" என்றார்.

முப்பது வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. எந்த மாதிரி ஆசையை நான் பொய்யாக்கப் போகிறேன் என்று தெரிந்ததும், லைட்டை அணைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது.

"நான்தாங்க, விஜயா," என்றேன். "லைட்டுப் புடிக்க ஆளு வேணும்னா என்னக் கேட்டிருக்கலாமில்ல?"

நான் லைட்டை இறக்கவில்லை. அவர் முள் பார்த்துக் கால் வைத்து, அந்த வெளிச்சத்துக்குள்ளேயே என்னை நோக்கி நடந்து வந்தார்.

"ஆட்டாம புடி," என்றார்.

லைட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.