வலது பக்கத்துக் குரல்

என் காதைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். அதில் இருபத்தாறு வருஷம் எங்கள் ஊர் மாதா கோயிலில் பாடகர் குழுவுக்குத் தலைவர். சவரியார் வாத்தியார் இருக்கிற இடத்தில் யாரும் சுருதி பிசகித் தும்மக்கூட முடியாது என்று ஏலாக்குறிச்சி வரைக்கும் கேலி பேசுவார்கள். எனக்கு அது கேலியாகப் பட்டதே இல்லை.

அதனால்தான் அருள் பிரகாஷ் போன் செய்ததும் ஒப்புக்கொண்டேன். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் இன்ஜினியர். சம்பாதிப்பதையெல்லாம் பாட்டுக் கேட்கிற பெட்டிகளில் கொட்டுகிறவன்.

"சார், புதுசா ஒரு சிடி பிளேயர் வாங்கியிருக்கேன். நீங்க ஒருதடவ வந்து கேட்டுச் சொல்லணும். ஒங்க காதுக்கு எதுவும் தப்பாதுன்னு ஆனி சொல்லுவா. ஒங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்ச சிடி எதாச்சும் எடுத்துட்டு வாங்க."

ஆனி ரோஸ் அவன் மனைவி. எங்கள் ஊர்ப் பெண். என் குழுவில் பாடியவள். அவளைக் குழுவிலிருந்து வெளியே அனுப்பியவன் நான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், தேர்த் திருவிழாவுக்காக ஒரு சிடி போட்டோம். பெரம்பலூரில் ஸ்டூடியோ வைத்திருந்த தங்கசாமி இரண்டு மைக்குகளோடு வந்து, கோயிலுக்குள்ளேயே பதிவு செய்தார். தரையில் அரைவட்டமாகச் சாக்பீஸ் கோடு போட்டு, பன்னிரண்டு பேரையும் ஆளுக்கொரு இடத்தில் நிறுத்தினார். இடது ஓரத்தில் ஆனி ரோஸ். வலது ஓரத்தில் ஆர்மோனியப் பெட்டியோடு நான். சிடி நன்றாகத்தான் வந்தது, மூன்றாவது பாட்டைத் தவிர. கடைசிச் சரணத்தில் பாட்டு உச்சிக்குப் போகிற இடத்தில், பெண் குரல் ஒன்று எட்டாமல் சுருதி இறங்கி, இறங்கிய இடத்திலேயே நீட்டி நிற்கும். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும். அவ்வளவு மேலே போய்ப் பாடுகிறவள் குழுவில் ஒருத்திதான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து ஜனங்கள் கலைவதற்குள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "மாதாவுக்குப் பாடுன பாட்ட நீதான் கெடுத்த. சுருதி நிக்காத தொண்டைக்கு இங்க எடமில்ல" என்றேன். அவளுக்குப் பதினேழு வயது. "நான் இல்ல சார்" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். எதிர்த்துப் பேசுகிறாயா என்று அதற்கும் கத்தினேன். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்த அவள் அம்மா அம்மாக்கண்ணு எழுந்து வந்து, மகளின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

மனப்பாடமாகத் தெரிந்த சிடி என்றதும் நான் எடுத்துக்கொண்டு போனது அதைத்தான். அந்த வீட்டில் அதைப் போட்டால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற ஆளாக நான் இருந்ததில்லை.

சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகளின் இரைச்சல் கேட்காமல் இருக்க ஜன்னலையெல்லாம் அடைத்து வைத்திருந்தான். பெட்டியைப் பார்த்தேன். கருங்கல் மாதிரி கனம். விலையைச் சொன்னான். பையன் காதில் யாரோ நன்றாகப் பூச்சுற்றியிருக்கிறார்கள் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஆனி ரோஸ் காபி கொண்டுவந்தாள். "நல்லாருக்கீங்களா சார்" என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

"இப்பெல்லாம் பாடுறியாம்மா?" என்றேன், எதையாவது கேட்க வேண்டுமே என்று.

"இல்ல சார்."

"பூசையில கூட வாயத் தெறக்க மாட்டா சார்" என்று அருள் பிரகாஷ் சிரித்தான். "எங்க கல்யாணப் பூசையிலயும் அப்படித்தான். புள்ளைக்குத் தாலாட்டு கூட போன்லதான் போட்டா. தனக்குச் சுருதி நிக்காதுன்னு அவளே சொல்லுவா."

தன் குறை தெரிந்த பெண் என்று நான் தலையாட்டினேன். ஆம், தலையாட்டினேன்.

ஏமாற்று வேலையைக் கையும் களவுமாகப் பிடிக்க நானே ஒரு வழி சொன்னேன். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் அப்படியே இருக்கட்டும். முதலில் பழைய டிவிடி பிளேயரில் போடு, பிறகு இதில் போடு. பழையதில் முதல் பாட்டு ஓடியது. எங்கள் கோயில், எங்கள் குழு, எல்லாம் ஒரே குவியலாக. எப்போதும் கேட்கிறபடிதான் இருந்தது. பிறகு சிடியைப் புதியதற்கு மாற்றினான். தட்டு சத்தமே இல்லாமல் உள்ளே போனது.

பாட்டுத் தொடங்குமுன் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோயில் கேட்டது. பாட்டு இல்லை, கோயில். மேலே புறா சிறகடிக்கிறது. பின்னால் எங்கோ கதவு முனகுகிறது. பன்னிரண்டு பேர் மூச்சு இழுக்கிறார்கள். பிறகு பாட்டு எழுந்தபோது, ஒவ்வொருத்தரும் தங்கசாமி நிறுத்திய இடத்திலேயே எனக்கு முன்னால் நின்றார்கள். இது நர்மதா, இது செத்துப்போன சூசை என்று விரல் நீட்டிக் காட்டலாம். இடது கோடியில் ஒரு குரல், மற்றவர்களைவிட ஒரு சாண் உயரத்தில், பளிச்சென்று. ஸ்பீக்கருக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எழுந்து எட்டிப் பார்த்தேன். அருள் பிரகாஷ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மூணாவது பாட்டப் போடு" என்றேன். அவ்வளவு ஆசை எனக்கு. நான் சொன்ன தப்பை இந்தப் பெட்டியும் காட்டும் அல்லவா.

கடைசிச் சரணம் வந்தது. உச்சி வந்தது. இடது கோடிக் குரல் ஏறி, தொட வேண்டிய இடத்தைத் தொட்டு, அங்கேயே அசையாமல் நின்றது. தப்பு வலது கோடியில் கேட்டது. ஆர்மோனியத் துருத்தி புசுபுசுவென்று மூச்சுவிடுகிற அதே இடத்தில், அந்தத் துருத்திக்கு ஒரு முழம் மேலே.

"இன்னொரு தடவ."

போட்டான். துருத்தி. ஒரு கனைப்பு. பிறகு அந்தக் குரல், எட்டாமல் இறங்கி, நீட்டி. பெண்களை மேலே ஏற்றுவதற்காகக் கூடவே பெண் குரல் மாதிரிக் கள்ளக்குரலில் பாடுகிற பழக்கம் எனக்கு உண்டு. பாடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

"இன்னொரு தடவ போடுப்பா."

"எதுக்கு சார், அதான் நல்லா தெரியுதே" என்றான் அருள் பிரகாஷ். "ஆர்மோனியப் பெட்டிகிட்ட உக்காந்து யாரோ ஒரு ஆம்பள பொம்பளக் கொரல்ல பாடுறாரு. அவருதான் எறங்கிட்டாரு. யாரு சார் அது?"

அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவள் அவனிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் ஆனி ரோஸ் கையில் தட்டோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அது நான்தாம்மா" என்றேன்.

அவள் தட்டை வைத்துவிட்டு வந்து, இடது பக்க ஸ்பீக்கருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "இதுல நான் எங்க சார் இருக்கேன்?"

கை நீட்டிக் காட்டினேன். அவன் மறுபடியும் போட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டு தன் குரலை மட்டும் கேட்டாள். முடிந்ததும், "நல்லாத்தான் பாடியிருக்கேன்" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் மைக்குல சொல்லிடறேம்மா. நான்தான் கெடுத்தேன்னு சொல்றேன்" என்றேன்.

"சொல்லுங்க சார். சொல்லத்தான் வேணும்" என்றாள். "எங்கம்மாவுக்குத்தான் இனிமே சொல்ல முடியாது. அன்னையிலேருந்து மொத வரிசையில உக்காரவே இல்ல அவங்க. எம்பொண்ணு மாதா பாட்டக் கெடுத்துட்டான்னு கடைசி வரிசையில, தூணுக்குப் பின்னாடி. சாகற வரைக்கும். நான் இல்லம்மான்னு எத்தனையோ தடவ சொல்லிப் பாத்தேன். சவரியார் சார் காதுக்குத் தப்பாதுடின்னுட்டாங்க. அப்பறம் நானும் நம்பிட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அருள் பிரகாஷ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் அவனிடம், "அந்தப் பாட்ட மொதல்லேருந்து போடுங்க" என்றாள். என்னை இருக்கவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.