இரண்டாவது கியர்

ஆறு வருஷம் பெயர் பதிந்து வைத்துக் காத்திருந்து வாங்கிய கார், ஒன்பதாம் நாளே டாக்டர் ரேணுகாம்பாளிடம் தன் குணத்தைக் காட்டியது. பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் இரண்டாவது கியருக்கு மேல் போக முடியாது. அந்தக் கியர்தான் நிற்கவில்லை. போட்ட கொஞ்ச நேரத்தில் 'டக்'கென்று தானாகக் கழன்றுகொள்ளும். எஞ்சின் வெறுமனே அலறும்.

மூன்று முறை சென்னைக்கு எடுத்துப் போனாள். மூன்று முறையும் கம்பெனி மேனேஜர் ஆதிகேசவன் அதே கேள்வியைத்தான் கேட்டான்.

"யாரும்மா ஓட்றது? நீங்களா?"

"நான்தான்."

"அதான். லேடீஸ் கிளட்ச் மேலயே கால வெச்சிக்கினு ஓட்டுவாங்க. பழகினா சரியாப் பூடும்."

வண்டியைக் கழுவித் துடைத்து, எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது என்று ஒரு சீட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆவணியில் மாகறலிலிருந்து பிரசவத்துக்கு ஆள் வந்தது. நர்ஸ் தில்லையம்மாளோடு புறப்பட்டாள். ஆற்றங்கரை மேட்டில் ஏறும்போது கியர் கழன்றது. பிரேக்கை மிதிப்பதற்குள் கார் பின்னால் உருண்டு, ஒரு சக்கரம் கரையை விட்டு இறங்கிவிட்டது. இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. அவளைப் பிழைக்கவைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் மெக்கானிக் யேசுதாஸைக் கூப்பிட்டாள்.

"கம்பெனி சீல உடைச்சா கேரண்டி பூடும், டாக்டரம்மா."

"போவட்டும். பிரிப்பா."

கியர்பெட்டியைத் திறந்தவன் உள்ளே விரலை விட்டுத் துழாவினான்.

"கியர் கழலாம புடிச்சிக்கினு இருக்க இங்க ஒரு ஸ்பிரிங் இருக்கணும்மா. அது இல்ல. அந்த எடத்துல இத சொருவி வெச்சிருக்கானுங்க."

எண்ணெயில் ஊறிய சிகரெட் அட்டை. நாலாக மடித்துத் திணித்திருந்தது.

அப்படியானால் கம்பெனியிலேயே எவனோ ஒருவன் திறந்து பார்த்திருக்கிறான். ஸ்பிரிங் இல்லை என்று தெரிந்தே அட்டையைச் செருகி மூடியிருக்கிறான். ரேணுகாம்பாள் அட்டையைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

சென்னைக்குப் போய் அந்த அட்டையை ஆதிகேசவனின் மேஜைமேல் வைத்தாள். மாகறலில் நடந்ததைச் சொன்னாள். அவன் அட்டையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"சீல உடைச்சது யாரு? வெளி ஆள் கை வெச்சா நாங்க பொறுப்பில்லம்மா."

பேனா முனையால் அட்டையைத் தள்ளிக் குப்பைக்கூடையில் விழவைத்தான். பிறகு கைக்குட்டையால் பேனாவைத் துடைத்துக்கொண்டான்.

"ஒரு உசுரு போயிருக்கும்யா! நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா?" என்றாள். இருபது வருஷ டாக்டர் வேலையில் அவள் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. பதிலுக்கு நிற்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

யேசுதாஸ் எங்கிருந்தோ ஒரு ஸ்பிரிங் தேடிக் கொண்டுவந்து மாட்டினான். அதன்பின் கியர் ஒருநாளும் கழலவில்லை. ஆனாலும் ரேணுகாம்பாள் அதை 'என் கார்' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. "அந்தச் சனியன எட்றா" என்றுதான் பிறகு வைத்துக்கொண்ட டிரைவரிடம் சொல்வாள், அதை விற்றுத் தொலைக்கும்வரை.