மருதாத்தாளுக்கு வந்த இருதய நோய்

கக்கத்தில் சின்ன வெங்காயத்தை இடுக்கிக்கொண்டு போனால் உடம்பு சுடும் என்று மருதாத்தாளுக்குச் சொன்னவள் கல்லூரியில் பக்கத்து பெஞ்சுக்காரி. அதை நம்பி, 1956-ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு காலை, இரண்டு பக்கமும் நான்கு நான்கு வெங்காயத்தை உரித்து வைத்துக்கொண்டு அவள் கொழிஞ்சாம்பாறையில் பாலக்காட்டு பஸ் ஏறினாள். உட்கார இடமில்லை. கையைத் தூக்கிக் கம்பியைப் பிடிக்கவும் வழியில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் யார் மேலாவது சாய்ந்து, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

அவளுக்குப் பத்தொன்பது வயது. பி.ஏ. முதல் வருஷம். அப்பா குப்பண்ணனுக்குப் பன்னிரண்டு ஏக்கர் பூமியும் கொஞ்சம் தென்னையும் உண்டு. அந்தப் பக்கத்துக் கவுண்டர் வீடுகளில் கல்லூரிப் படி ஏறிய முதல் பெண் அவள்தான். ஆனால் அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "நல்ல எடம் வர்ற வரைக்கும் போ கண்ணு. வந்துட்டா புஸ்தகத்தைக் கட்டி வெச்சிரோணும்." இப்போது பொள்ளாச்சியிலிருந்து நல்ல இடம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

டாக்டர் ரத்தினசாமிக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். பக்கத்துச் சித்தூரில் நூறு ஏக்கர் வயல், குமுளி மலையில் சக்குபள்ளத்தில் ஏலக்காய்த் தோட்டம், வாசலில் ஒரு கறுப்புக் கார். மதராஸில் படித்துவிட்டு வந்து பாலக்காட்டில் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். சம்பாதித்தாக வேண்டிய அவசியம் இல்லாததால் நோயாளிகளிடம் நிதானமாகப் பேசுவார் என்று பேர்.

"கையைத் தூக்கு அம்மிணி" என்று அவர் தெர்மாமீட்டரோடு வந்தார். மருதாத்தாள் தூக்கவில்லை. அவரே மெல்லத் தூக்கினார். வெங்காயம் ஒன்று தரையில் விழுந்து மேஜைக்கடியில் உருண்டு போயிற்று.

"இது என்ன?"

"வெங்காயமுங்க."

"அது தெரியுது. காச்சலுக்கு மருந்து நானல்லவா குடுக்கோணும்?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னாள். "இன்னும் ஒண்ணேகால் வருசந்தானுங்க. பரிச்சை எழுதிட்டா, அப்பறம் ஆரு கையக் காட்டினாலும் கழுத்த நீட்டறனுங்க. எனக்குக் காச்சலுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, போதும்."

"பொய்ச் சீட்டு எழுதினா என்ற பட்டத்தைப் புடுங்கிப் போடுவாங்க."

"எழுதாட்டி என்ற பட்டம் போயிருமுங்களே."

ரத்தினசாமி அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே பத்து நாள் பூரண ஓய்வு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பொள்ளாச்சிக்காரர்கள் வரவில்லை. அடுத்து உடுமலைப்பேட்டையிலிருந்து ஓர் இடம் வந்தது. "மறுபடியும் காச்சல்னா உங்கப்பா நம்ப மாட்டாரு" என்று டாக்டரே யோசித்தார். இந்தத் தடவை அவர் முகத்தில் பயம் குறைந்து ஒரு குஷி வந்திருந்ததை அவள் கவனித்தாள். நீளமாக எழுதினார். இருதயம் சற்றுப் பலவீனம். அலைச்சலும் மனக்கிளர்ச்சியும் ஆகாது. கல்லூரிக்குப் போய்வருவதில் தவறில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கட்டாயம் வந்து காட்ட வேண்டும்.

அந்தக் கடைசி வரி உடுமலைப்பேட்டைக்குத் தேவையே இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

குப்பண்ணன் அந்தச் சீட்டைப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொடுத்து மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அன்று முதல் மருதாத்தாள் தண்ணீர்க்குடம் தொடக் கூடாது என்றாயிற்று. வாரம் இரண்டு கோழி அவளுக்காக உயிர் விட்டது. கிணற்றில் நீர் இறைப்பவர்கள் மாட்டை அதட்டினால்கூட, "மெல்லடா, அம்மிணி உள்ள படுத்திருக்கறா" என்று அவர் வரப்பில் ஓடிவந்து கையமர்த்துவார். அப்பாவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சுக்குள் குறுகுறுத்தது. ஆனாலும் இரண்டாவது வாரம் எப்போது வரும் என்று விரல் விட்டு எண்ணினாள்.

அம்மா துணைக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கம்பவுண்டரிடம் முட்டிவலிக்கு எண்ணெய் கேட்டுக்கொண்டிருப்பாள். உள்ளே பத்து நிமிஷம் அரை மணியாயிற்று. மருதாத்தாள் சரித்திரப் பாடம் ஒப்பிப்பாள். டாக்டர் ராஜாக்களின் வருஷங்களைத் தப்புத்தப்பாகச் சொல்லித் தோற்பார். ஒரு நாள் ஸ்டெதாஸ்கோப்பை அவள் காதில் மாட்டி, "நீயே கேட்டுப் பாரு" என்றார்.

"நல்லாத்தானுங்க அடிக்குது."

"அதுதான் பயமா இருக்குது. உங்கப்பன் வேற டாக்டர்கிட்டக் கூட்டிப் போயிட்டா?"

அந்த வருஷம் ஐப்பசி முடிவதற்குள் அரை டஜன் மாப்பிள்ளைகள் கேள்விப்பட்டு விலகிவிட்டார்கள். திருவிதாங்கூர், கொச்சி, மலபார் எல்லாம் ஒன்றாகிக் கேரளம் பிறந்தது. ஊரெல்லாம் அதைப் பற்றிப் பேசியபோது, இவர்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கார்த்திகையில் ரத்தினசாமி, மேஜை மேல் இருந்த மை ஒற்றும் காகிதத்தைக் கிழித்துக்கொண்டே, "எங்கம்மாகிட்டச் சொல்லி உங்கூட்டுக்கு ஆளனுப்பட்டுமா?" என்று கேட்டார். மருதாத்தாள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு வழியெல்லாம் தானாகச் சிரித்தாள். அம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மார்கழியில் அவள் போனபோது டாக்டர் எழுந்து நிற்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்.

"அம்மா ஒத்துக்கலே."

"ஏனுங்க? எங்களுக்கு வசதி பத்தாதுங்களா?"

"அதில்லே. அவங்க விசாரிச்சிருக்கறாங்க. பொண்ணு லட்சணமானவ, படிச்சவ, ஆனா இருதயம் கெட்டுப் போச்சு, ஒரு புள்ளைகூடத் தாங்க மாட்டான்னு கொழிஞ்சாம்பாறையே சொல்லுதாம். ஆரு சொன்னதுன்னு கேட்டா, உன்ற மகன்தான் கைப்பட எழுதிக் குடுத்திருக்கறான்னு சொல்றாங்களாம்."

"பொய்யுன்னு நீங்க சொல்லலீங்களா?"

"சொன்னேன். ஆசையில பொய் சொல்றேன்னு அழுகறாங்க."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ரத்தினசாமி, "உங்கப்பாகிட்ட நானே வந்து நெசத்தைச் சொல்லிப் போடறேன். அவரு வந்து எங்கம்மாகிட்டப் பேசட்டும்" என்றார். அவர் வாழ்நாளில் செய்த துணிச்சலான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாளே கறுப்புக் கார் குப்பண்ணன் வீட்டுக் களத்தில் வந்து நின்றது. மருதாத்தாள் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். டாக்டர் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார்.

"அப்ப எம் பொண்ணுக்கு ஒண்ணுமே இல்லீங்களா?" என்றார் குப்பண்ணன். "சாமி, பழனியாண்டவனே!" கைகளைத் தலைக்கு மேல் கூப்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டருக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். மோர் வருவதற்குள் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிற்று.

"ஏனுங்க டாக்டர், ஒண்ணுமில்லேன்னா, ஒரு வருசமா உள்ள கூட்டி வெச்சு என்னத்தைப் பாத்துட்டிருந்தீங்க?"

ரத்தினசாமி களத்தில் நின்ற காரைப் பார்த்தார்.

"நோவு இருக்கற பொண்ணை உங்கூட்ல எடுக்க மாட்டாங்க. நோவு இல்லாத பொண்ணை நான் உங்களுக்குக் குடுக்க மாட்டேன். போயிட்டு வாங்க." குப்பண்ணன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அம்மா கொண்டுவந்த மோரை வாங்க ஆளில்லை.

அவர் மகளை அடிக்கவில்லை, திட்டவில்லை. "நாளைலிருந்து காலேசு வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். பரீட்சைக்கு எழுபது நாள் இருந்தது.

மூன்றாம் நாள் விடிந்ததும் மருதாத்தாள் முதல் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். கையில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சேலையும் சரித்திரப் புத்தகமும். கம்பவுண்டர் இன்னும் வரவில்லை. ரத்தினசாமி கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார்.

"ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போலாமுங்க" என்றாள். "எனக்கு வயசாயிருச்சு, உங்களுக்கும் ஆயிருச்சு. சட்டம் இருக்குதுங்க, நான் படிச்சிருக்கறேன்."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு, மருதா. நான் இப்படிப் பண்ணினா தாங்க மாட்டாங்க."

"அதாச்சும் நெசமான நோவுங்களா?"

அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பார் என்று அவளும் நினைக்கவில்லை. தனக்காகப் பொய் எழுதிக் கொடுத்தவர் என்று இந்த மனுஷரை எவ்வளவு பெரியவராக நினைத்திருந்தோம் என்று அவளுக்குத் தோன்றிற்று. கோபம்கூட வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பினாள். அவள் போய்வந்தது ஊருக்குத் தெரிய ஒரு பொழுது போதுமானதாக இருந்தது.

அதற்கப்புறம் அந்த ஜில்லாவில் அவளைக் கேட்டு யாரும் வரவில்லை. அவள் இருதயத்தில் நோய் என்று பாதிப்பேர் சொன்னார்கள். மீதிப்பேர் சொன்னதற்கு நோய் எவ்வளவோ தேவலை. பரீட்சை நடந்த பங்குனி நாட்களில் அவள் களத்தில் கடலைக்காய் உரித்தாள். இப்போது குடம் தூக்க யாரும் தடை சொல்லவில்லை.

வைகாசியில், தூரத்து உறவுக்காரர் ஒருவர் பொங்கியண்ணனைக் கூட்டிவந்தார். முப்பத்தெட்டு வயது. ஆனைக்கரையில் ஏலத்தோட்டம். மனைவி பிரசவத்தில் போய்விட்டாள், நாலு வயதில் பழனாத்தாள் என்று ஒரு பெண். பொண்ணுக்கு நெஞ்சு பலவீனமாமே என்று கூட வந்தவர் இழுத்தபோது, "எங்கூட்ல பாரம் தூக்கற வேலை இல்லீங்க" என்றார் பொங்கியண்ணன். அவ்வளவுதான் பேச்சு. கல்யாணமாகி, பொள்ளாச்சியில் ரயில் ஏறி, திண்டுக்கல்லில் இறங்கி, கம்பம் பஸ் பிடித்து, குமுளி வழியாக அவள் மலைக்குப் போனாள்.

பொங்கியண்ணன் கெட்டவர் இல்லை. அதுவே ஒரு சங்கடம். வெறுத்துவிட்டால் மனசுக்கு ஒரு வேலையாவது இருந்திருக்கும். போன முதல் வாரமே எல்லாவற்றையும், வெங்காயத்திலிருந்து துணிப்பைவரை, அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நெஞ்சு நல்லாருக்குதுன்னு எங்கம்மாகிட்டச் சொல்லிப் போடாதே. வேலை வாங்கிருவா" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பழனாத்தாள் அவளை 'அம்மா' என்றும் கூப்பிடாமல், பேர் சொல்லியும் கூப்பிடாமல், வேண்டியபோது முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

மறுவருஷம் ஆனி மாத மழையில் குழந்தைக்குக் கக்குவான் வந்தது. இருமி இருமி முகம் நீலம் பாரித்தது. பக்கத்தில் சக்குபள்ளத்தில் ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார் என்று பொங்கியண்ணன் ஜீப்பை எடுத்தார். எந்த டாக்டர் என்று மருதாத்தாள் கேட்கவில்லை. பாலக்காட்டு ஆஸ்பத்திரியைச் சாத்திவிட்டு ரத்தினசாமியை அவர் அம்மா சக்குபள்ளத்துத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டதும், கோயமுத்தூர் மில்காரர் வீட்டில் பெண் எடுத்ததும், அந்தப் பெண் மலையில் அட்டை கடிக்கிறது என்று மூன்றே மாதத்தில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டதும் ஊரிலிருந்து மருதாத்தாளின் அம்மா வாத்தியாரைக் கொண்டு எழுதிய கடிதங்களில் வந்திருந்தன.

ரத்தினசாமி கொஞ்சம் பருத்திருந்தார். குழந்தையை நன்றாகப் பார்த்தார். மருந்து கலக்கிக் கொடுத்தார். "ஒரு நாளைக்கு மூணு வேளை. குளிர்ல விடாதீங்க" என்று பொங்கியண்ணனிடம் சொன்னார். சீட்டு எழுதப் பேனாவை எடுத்தபோது மட்டும், அன்று அவளுக்குச் சீட்டு எழுதிய அந்தக் கை ஒரு கணம் நின்றது.

பொங்கியண்ணன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குப் போன அந்தச் சிறு இடைவெளியில், ரத்தினசாமி தாழ்ந்த குரலில், "வூட்ல இருந்தே படிச்சுப் பரிச்சை எழுதலாமுன்னு சொல்றாங்க. புஸ்தகமெல்லாம் நான் தருவிச்சுக் குடுக்கறேன்" என்றார்.

அவர் உண்மையாகத்தான் சொன்னார். அவரால் முடிந்ததும் அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"வேண்டாமுங்க. படிச்சதெல்லாம் மறந்து போச்சு" என்றாள் மருதாத்தாள். மருந்து பாட்டிலை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

ஜீப் இரண்டு வளைவு தாண்டியதும் பொங்கியண்ணன் கியரை மாற்றினார். பிறகு, "அவருதானா?" என்றார்.

"ஆமாங்க."

"நல்ல டாக்டர்தான்" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. குழந்தை அவள் மடியில் இருமி ஓய்ந்து தூங்கிற்று.

மூன்றாவது வளைவில் மண் சரிந்து ரோட்டை அடைத்திருந்தது. எஸ்டேட் ஆட்கள் மழையில் மண்வெட்டியோடு நின்றார்கள். ஒதுக்கி முடிக்க ரெண்டு மூணு மணி நேரமாவது ஆகும் என்று ஒருவன் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஆனைக்கரைக்குப் போக அந்த ஒரு ரோடுதான். பொங்கியண்ணன் எஞ்சினை நிறுத்தினார்.

"சக்குபள்ளத்துக்கே போயி இருந்துட்டு வரலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க. இங்கயே இருக்கலாம்" என்றாள் அவள்.