ஆந்தையின் ஒரு கண்

அக்கா வருவதற்குள் அந்தத் திராட்சையைக் கண்டுபிடித்துவிட வேண்டும். தையல்காரன் மண்டியிட்டு நாற்காலிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். ஒரு பொத்தான் கிடைத்தது. ஒரு ஊசி விரலில் குத்தியது. திராட்சை இல்லை.

நாற்காலியில் அப்பா தலை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு நின்று அரை மணி நேரம் ஆகியிருக்கும். மடியில் டப்பா. அதற்குள் ரொட்டியை வட்டமாக வெட்டிச் செய்த ஆந்தை. வெள்ளரிக்காய்ச் சிறகுகளைத் தின்றிருந்தார். திராட்சைக் கண் ஒன்று இருந்தது. இன்னொன்றைக் காணோம்.

ஏழு மாதமாக இப்படித்தான். கரண்டியைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்பவர், ஒருநாள் பேத்தியின் பள்ளி டப்பாவைத் திறந்து முயல் முகத்தைக் காதோடு தின்று தீர்த்தார். அன்றிலிருந்து காலையில் இரண்டு டப்பாக்கள். காலர் வெட்டிப் பழகிய கைக்கு முயலும் கோழிக்குஞ்சும் பெரிய வேலையில்லை. தொண்டையில் அடைக்காமலிருக்கத் திராட்சையை மட்டும் மறக்காமல் இரண்டாக வெட்டித்தான் வைப்பான். இன்று பள்ளி வண்டி வாசலில் ஹாரன் அடித்த அவசரத்தில், அப்பாவின் ஆந்தைக்கு இரண்டையும் முழுசாக அழுத்தி, திறந்த இரு டப்பாக்களையும் அவர் முன்னால் விட்டுவிட்டு மகளின் பையைத் தேடி ஓடினான். அவளை ஏற்றிவிட்டு வந்து தைக்க உட்கார்ந்தான். மிஷின் சத்தத்தில் அவர் இருமியிருந்தாலும் கேட்டிருக்காது.

அப்பா போனால் கொஞ்சம் தூங்கலாம் என்று போன வாரம்தான் நினைத்திருந்தான்.

அக்கா அழுதுகொண்டே வந்தாள். மடியிலிருந்த டப்பாவைப் பார்த்ததும் அழுகை நின்றது.

"எண்பது வயசு மனுசனுக்கு முயல், ஆந்தைன்னு ஒரு மிருகக்காட்சிசாலையே நடத்திட்டியேடா. ஒரு கண்ணு எங்க?"

"தின்னிருப்பார்க்கா."

டாக்டர் வந்து நாடியைப் பார்த்தார். இமையை விலக்கிப் பார்த்தார். "ஹார்ட் நின்னிருக்கு. கஷ்டப்பட்டிருக்க மாட்டார்."

'தொண்டையையும் பாருங்க சார்' என்பது அவன் நாக்கு நுனி வரை வந்தது. அக்கா பக்கத்திலேயே நின்றாள். டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பாவைக் கட்டிலில் கிடத்தினார்கள்.

மத்தியானம் மனைவி பள்ளிக்குப் போய் மகளை அழைத்து வந்தாள். மகள் கட்டிலருகே வெகுநேரம் நின்றாள். பிறகு அவனிடம் வந்து காதோடு கேட்டாள்.

"அப்பா, இன்னிக்கு ஏன் என் ஆந்தைக்கு மூணு கண்ணு வச்சீங்க? கிளாஸே சிரிச்சுது."

"மூணா?"

"நெத்தியில ஒண்ணு. அது மட்டும் வெட்டாம முழுசா இருந்துச்சு."

"நான் வைக்கலடா."

அவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப தாத்தாவா?"

அவன் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"டேய், என்னடா பண்ணுது?" என்று அக்கா ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்லக்கா." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பசிக்குது."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் ஏதாவது எடு. காலைலேர்ந்து பல்லுல பச்சத்தண்ணி படல."

சமையலறையில் ரொட்டியைப் பொட்டலத்திலிருந்து எடுத்தபடியே, ஓரம்கூட நறுக்காமல், மகளுக்கும் அக்காவுக்கும் கொடுத்துவிட்டுத் தானும் ஒன்று எடுத்துக்கொண்டான். மூவரும் மேடையில் சாய்ந்து நின்று மென்றார்கள். முன்னறையிலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, அவன் இன்னொரு துண்டு எடுத்தான்.